நீளமான ஆங்கிலச் சொல்லை வாலிலிருந்து பிரிப்போம்

பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்கள் 45 எழுத்துள்ள ஆங்கிலச் சொல்லைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. 'நடந்தனன்' என்பதை நட + த்(ந்) + த் + அன் + அன் என்று பகுதி, விகுதி வரை பிரித்துப் பழகிய கைதானே நம்முடையது? அதே வேலையைத்தான் இங்கும் செய்யப் போகிறோம். ஒரு பேனாவும் தாளும் போதும்.

படி 1: வாலைப் பிடியுங்கள்

முதல் எழுத்திலிருந்து படிக்கத் தொடங்கினால் நடுவழியில் மூச்சு வாங்கும். அதனால் கடைசியில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். தமிழில் விகுதி திணையும் பாலும் சொல்வதுபோல, ஆங்கிலத்தில் வால்தான் அந்தச் சொல் எந்த இனம் என்று சொல்லும். 'இசம்' என்று முடிந்தால் பெரும்பாலும் கொள்கை. 'லஜி' என்றால் ஒரு துறை. 'ஃபோபியா' அச்சம். 'ஐடிஸ்' அழற்சி, 'ஓசிஸ்' பெரும்பாலும் ஒரு நோய்நிலை. இந்த ஐந்தை மனப்பாடம் செய்தாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம்.

ட்ரிஸ்கைடெகாஃபோபியாவை எடுத்துக்கொள்ளுங்கள். வால் தெரிந்துவிட்டது, ஏதோ ஓர் அச்சம். மீதி கிரேக்கம்: ட்ரிஸ் என்றால் மூன்று, டெகா பத்து. நடுவில் நிற்கும் 'கை'தான் எனக்கு மிகவும் பிடித்தது, அது நம்முடைய எண்ணும்மை! 'மூன்றும் பத்தும்', அதாவது பதின்மூன்று. ஆக, 13 என்ற எண்ணைக் கண்டு அஞ்சுவது.

படி 2: தலையில் உள்ள முன்னொட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள்

ஆன்டிடிஸ்எஸ்டாப்லிஷ்மென்டேரியனிசம், 28 எழுத்து. வால் 'இசம்', எனவே கொள்கை. தலையில் 'ஆன்டி' (எதிர்), அடுத்து 'டிஸ்' (நீக்கல்). இரண்டையும் எடுத்துவிட்டால் நமக்கு நன்கு தெரிந்த 'எஸ்டாப்லிஷ்' நிற்கிறது: நிலைநிறுத்து. இங்கே அதன் பொருள் ஒரு திருச்சபையை அரசின் அதிகாரபூர்வத் திருச்சபையாக நிலைநிறுத்துவது.

இப்போது உள்ளிருந்து வெளியே திரும்பிச் செல்லுங்கள். நிலைநிறுத்துவது ஒன்று. அந்தத் தொடர்பை நீக்குவது அடுத்தது. நீக்குவதை எதிர்ப்பது மூன்றாவது. 19-ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் இது அனல் பறந்த அரசியல். 1869-ல் இயற்றப்பட்ட சட்டம் அயர்லாந்துத் திருச்சபையை அரசிடமிருந்து பிரித்தது; 1871-ல் அது நடைமுறைக்கு வந்தது. அப்படிப் பிரிப்பது கூடாது என்றவர்களின் நிலைப்பாட்டுக்குத்தான் இந்தப் பெயர். கழற்றிய வரிசைக்கு நேர்மாறாக மாட்டினால் பொருள் பிசகாது.

படி 3: நடுவில் வரும் 'ஓ'வைக் கண்டு குழம்பாதீர்கள்

கிரேக்க வேர்களை ஒட்டும்போது இடையில் ஓர் 'ஓ' எழுத்து வரும். தனிப் பொருள் கிடையாது. மரம் + ஐ 'மரத்தை' ஆகும்போது 'அத்து' வருகிறதே, அந்தச் சாரியை போன்றது. 'ஓ' வருகிற இடத்தில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள், பல நேரம் சொல் அங்கேதான் பிரியும்.

படி 4: 45 எழுத்தை எடுப்போம்

நியூமோனோஅல்ட்ராமைக்ரோஸ்காப்பிக்சிலிகோவால்கேனோகோனியோசிஸ். எழுத்தில் இது 'பி'யில் தொடங்கும், ஆனால் 'நியூமோனியா'வில் போலவே அந்தப் 'பி' ஒலிக்காது.

வால்: ஓசிஸ், நோய்நிலை. அதற்கு முன் 'கோனி', தூசி. 'வால்கேனோ' எரிமலை. 'சிலிகோ' சிலிக்கா. 'மைக்ரோஸ்காப்பிக்' நுண்ணோக்கியால் மட்டும் பார்க்கக்கூடியது, 'அல்ட்ரா' அதையும் கடந்தது. 'நியூமோனோ' நுரையீரல். சேர்த்தால்: எரிமலையின் மிக நுண்ணிய சிலிக்காத் தூசியைச் சுவாசிப்பதால் வரும் நுரையீரல் நோய்.

உச்சரிக்கவும் வாலிலிருந்தே பழகுங்கள். கோனியோசிஸ், வால்கேனோகோனியோசிஸ், சிலிகோவால்கேனோகோனியோசிஸ். ஒவ்வொரு முறையும் முன்னால் ஒரு துண்டு சேர்த்தால், எப்போதும் தெரிந்த பகுதியை நோக்கியே நாக்கு போகும்.

மருத்துவர்கள் இந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. அவர்களுக்குச் 'சிலிகோசிஸ்' போதும். அமெரிக்கப் புதிர்ப் பிரியர்களின் சங்கத் தலைவராக இருந்த எவரெட் ஸ்மித் 1935-ல், நீளத்துக்காகவே இதைக் கட்டினார். அப்படியிருந்தும் அகராதியில் இடம் பிடித்துவிட்டது.

படி 5: பிரித்த பிறகு அகராதியைத் திறங்கள்

வேர்ப்பொருளைக் கூட்டினால் எப்போதும் சரியான விடை வராது. ஹிப்போபொட்டோமான்ஸ்ட்ரோசெஸ்க்விபெடாலியோஃபோபியா என்றால் நீளமான சொற்களைக் கண்டு அஞ்சுவது. பிரித்தால் முன்னால் நீர்யானை வரும்! பொருளுக்கு அது தேவையே இல்லை, நீட்டுவதற்காகச் சேர்த்தது. உண்மையான வேர் 'செஸ்க்விபெடாலியன்' மட்டும்தான்: ஒன்றரை அடி நீளமானது. ரோமானியக் கவிஞர் ஹொரேஸ் பகட்டான சொற்களை அப்படித்தான் அழைத்தார். லத்தீனிலும் பாதத்துக்கும் நீள அளவுக்கும் ஒரே சொல், நம் 'அடி' போலவே.

ஃப்ளாக்சினாசினிஹிலிபிலிஃபிகேஷன் (29 எழுத்து) இன்னும் அழகு. கம்பளித் துணுக்கு, அற்பப் பொருள், ஒன்றுமில்லாதது, மயிர் என்று நான்கு லத்தீன் சொற்களை வரிசையாக அடுக்கி, 'ஆக்குதல்' என்ற வாலை ஒட்டியிருக்கிறார்கள். கவிஞர் வில்லியம் ஷென்ஸ்டன் 1741-ல் எழுதிய கடிதத்தில் இது வருகிறது. தமிழில் 'துரும்பாக மதித்தல்' என்று ஒரே துரும்பில் முடித்துவிடுவோம்.

இனி நீங்கள்

ஓட்டோரைனோலாரிங்காலஜி, 19 எழுத்து. 'ஓட்டோ' காது, 'லாரிங்கோ' குரல்வளை. 'ரைனோ' எது என்பதற்கு ஒரு குறிப்பு: காண்டாமிருகத்தின் ஆங்கிலப் பெயரிலும் அது இருக்கிறது, அந்த விலங்குக்குக் கொம்பு எங்கே முளைக்கிறது என்று பாருங்கள். வால் முதல் படியிலேயே உங்கள் கைக்கு வந்துவிட்டது. கோடு போட்டுப் பொருளை எழுதிவிட்டு அகராதியோடு ஒப்பிடுங்கள்.