கல்யாணத்துக்கு முன் பல்லை அழகாக்க: சொத்தை முதலில், வெள்ளை அப்புறம்

ஆவணியில் முகூர்த்தம், ஆடிக் கடைசியில் பல்லை வெளுக்கும் ப்ளீச்சிங் செய்தால் போதும் என்று நெல்லைப் பக்கம் பலர் நினைக்கிறார்கள். போதாது. சொத்தையும் ஈறு வீக்கமும் உள்ள வாயில் அழகு வேலை நிற்கவே நிற்காது. சித்திரையிலேயே தொடங்குங்கள்.

முதல் படி, எக்ஸ்-ரேயும் க்ளீனிங்கும். பல் இடுக்குச் சொத்தை கண்ணுக்குத் தெரியாது, எக்ஸ்-ரேயில்தான் தெரியும். பற்காரை படிந்த ஈறு தொட்டாலே ரத்தம் கசியும். ரத்தம் பட்ட இடத்தில் பில்லிங் ஒட்டாது. க்ளீனிங் முடிந்து ஈறு ஆற இரண்டு மூன்று வாரம் விடுங்கள். வீக்கம் வடிந்தால் ஈறு சற்றே சுருங்கும்; அதற்குள் வெனீர் (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய ஓடு) ஒட்டிவிட்டால் அதன் விளிம்பு பின்னால் கோடாகத் தெரியும். வெற்றிலைக் கறை, டீக் கறை பெருமளவு க்ளீனிங்கிலேயே போய்விடும். அதற்காகச் செங்கல் பொடி போட்டுத் தேய்க்க வேண்டாம். பல்லின் மேலோடான எனாமல் தேய்ந்து உள்ளிருக்கும் மஞ்சள்தான் வெளியே வரும்.

அடுத்து சொத்தை. கடைவாய்ப் பல்லை நிரந்தரமாக அடைத்துவிடலாம். நரம்பு வரை போயிருந்தால் ரூட் கெனால், மேலே பல்லை மூடும் கேப். முன்பல்லுக்கு மட்டும் இப்போது தற்காலிக அடைப்பே போதும். பில்லிங்கும் கேப்பும் ப்ளீச்சிங்கில் வெளுக்காது என்பதே காரணம். இன்றைய நிறத்துக்குப் பொருத்தி அடைத்தால், பல் வெளுத்த பிறகு பில்லிங் மட்டும் மஞ்சள் திட்டாக நிற்கும். அடைக்காமல் விடவும் கூடாது. ப்ளீச்சிங் ஜெல் ஓட்டை வழியே இறங்கிப் பல் சுரீரென்று கூசும். விழுந்த பல்லுக்கு இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) என்றால், அது எலும்போடு சேர மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். அந்தக் கணக்கைத் தனியாகப் போடுங்கள். சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாவிட்டால் அதைத் தொடங்கவே வேண்டாம்.

பிறகுதான் ப்ளீச்சிங். உங்கள் பல்வரிசைக்கு அச்செடுத்த தட்டில், பல்லுக்கு ஓர் அரிசி அளவு 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல் வைத்து, இரவில் போட்டுக்கொள்ள வேண்டும். சுமார் இரண்டு வாரம். கூச்சம் வந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள். ரூட் கெனால் செய்து கறுத்த ஒற்றைப் பல்லுக்கு உள்ளே வெளுக்கும் மருந்து வைப்பார்கள். அதற்கு முன் வேரின் வாயை 2 மி.மீ. சிமென்ட்டால் அடைப்பது கட்டாயம். மருந்து கசிந்தால் வேர் கழுத்தில் அரிக்கத் தொடங்கும்.

கடையம், கீழப்பாவூர் பக்கத்தில் சில ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கூடுதல். குழந்தையில் பல் உருவாகும்போதே ஏறிய வெள்ளை, பழுப்புத் திட்டுகளைப் பேஸ்ட் எடுக்காது. லேசானவற்றுக்கு எனாமலின் மேல்தோலை மெல்லச் சுரண்டி எடுத்து, பின் ப்ளீச் செய்வார்கள். ப்ளீச்சிங்கின் தொடக்கத்தில் வெள்ளைத் திட்டு இன்னும் எடுப்பாகத் தெரியும், பதற வேண்டாம். குழி விழுந்த பல்லுக்கு பில்லிங் அல்லது வெனீர்தான்.

வெளுத்த பிறகு இரண்டு வாரம் பொறுத்திருங்கள். பல்லில் தங்கிய ஆக்சிஜன் பில்லிங்கை ஒட்ட விடாது. நிறமும் அதற்குள்தான் நிலைக்கு வரும்.

இப்போது முன்பல்லின் நிரந்தர பில்லிங். இதில் அவசரமே கூடாது. ஷேடு, அதாவது பல்லின் நிறச் சாயல், பார்ப்பதுதான் முதல் வேலை, அதுவும் பகல் வெளிச்சத்தில், பல் ஈரமாக இருக்கும்போது. வாய் திறந்து சில நிமிடம் உலர்ந்தாலே பல் வெளுத்துக் காட்டும். எச்சில் படாமல் ரப்பர் விரிப்புக் கட்டி, 37 சதவீத பாஸ்பாரிக் அமிலம் எனாமலில் 15 முதல் 30 விநாடி. ஃபுளோரைடு கறை ஏறிய எனாமலுக்கு இன்னும் கூடுதல் நேரம் வேண்டும், குறைத்தால் பில்லிங் பெயரும். கழுவி உலர்த்தினால் அந்த இடம் சுண்ணாம்பு பூசியது போல மங்க வேண்டும். ஒட்டுமருந்து தடவி, பில்லிங் பிசினை 2 மி.மீ. அடுக்குகளாக வைத்து ஒவ்வொன்றையும் ஒளியால் இறுக்க வேண்டும். மொத்தமாக அப்பினால் அடியில் இறுகாமல் சுருங்கி, விளிம்பில் மறுபடி சொத்தை பிடிக்கும்.

வெனீருக்கு அரை மி.மீ. அளவே எனாமலைச் செதுக்குவார்கள். பல்லில் பாதி ஏற்கெனவே பில்லிங் என்றால் வெனீர் கேட்டு அடம்பிடிக்காதீர்கள், கேப்தான் தாங்கும். ஒட்டியதும் கடித்துப் பார்க்கும் தாளில் கடிக்கச் சொல்வார்கள். ஓரிடத்தில் மட்டும் அழுத்தமாக மை பட்டால் அங்கேயே சொல்லிச் சரிசெய்துகொள்ளுங்கள். தூக்கத்தில் பல் கடிப்பவர்களுக்கு பல்லைக் காக்கும் இரவுத் தட்டும் வேண்டும். கிளம்பும்போது ஷேடு எண்ணை எழுதி வாங்கி வையுங்கள். நாளை ஒரு கேப் உடைந்தால் அந்த எண் இல்லாமல் பக்கத்துப் பல்லோடு பொருத்துவது பெரும்பாடு.