அம்பாசடர் கொதிக்கிறதா? எப்போது என்று பாருங்கள்

பழைய பெட்ரோல் அம்பாசடர் என்றாலே "சூடாகுமே!" என்பார்கள். ஒழுங்காக இருக்கும் அம்பாசடர் சித்திரை வெயிலிலும் ஆகாது என்பது என் கட்சி. கோயம்புத்தூரில் நான் ஓட்டுவது 1984 மார்க் 4, 1489 சிசி. இந்த இன்ஜினின் பிளாக்கும் (சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பாகம்) அதன்மேல் மூடியாக உட்காரும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. கொஞ்சம் சூட்டைப் பொறுத்துக்கொள்ளும். அலுமினிய ஹெட் உள்ள ஃபியட், பத்மினிக்காரர்கள் நான் சொல்வதை இன்னும் கவனமாகக் கேட்கவேண்டும். அது சீக்கிரம் வளைந்துவிடும்.

முதலில் ரோட்டில் என்ன செய்வது என்று பார்ப்போம். டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் ஏறுகிறது, ஆவி இன்னும் வரவில்லை என்றால் ஓரங்கட்டி, நியூட்ரலில் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துப் பிடியுங்கள். ஃபேனும் வாட்டர் பம்பும் வேகமாகச் சுற்றி முள் இறங்கலாம். ஆவி வந்துவிட்டால் இந்த வேலையெல்லாம் வேண்டாம், உடனே அணைத்துவிடுங்கள். டேஷ்போர்டில் சார்ஜ் விளக்கு சிவப்பாக எரிந்தாலும் அப்படித்தான். சார்ஜ் ஏற்றுவதையும் வாட்டர் பம்பையும் ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது. விளக்கு எரிந்தால் பெல்ட் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். பெல்ட் இல்லாமல் தண்ணீர் ஓடாது.

சாவியை அணைத்த பிறகும் இன்ஜின் சில சமயம் தடதடவென்று தானாக ஓடும். பயப்படவேண்டாம், சூட்டில் பெட்ரோல் தானே பற்றிக்கொள்கிறது. டாப் கியர் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு கிளட்சை விட்டால் நின்றுவிடும்.

அப்புறம் பானட்டைத் திறந்துவிட்டுச் சும்மா இருங்கள். இங்கேதான் முக்கால்வாசிப் பேருக்குக் கை பரபரக்கும். இன்ஜின் தண்ணீரை ஆற்றுவது ரேடியேட்டர். மூடி போட்ட ரேடியேட்டரில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். என் மூடியில் 7 பி.எஸ்.ஐ (அழுத்தத்தின் அளவு) என்று பொறித்திருக்கிறது, அந்த அழுத்தத்தில் கொதிநிலை ஏறத்தாழ 111 டிகிரி. மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய், உள்ளே இருப்பதெல்லாம் ஒரேயடியாகக் கொதித்து முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது விடுங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் துணி வைத்து அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் இன்னும் நேரம் ஆகவில்லை. தொளதொளவென்று அமுங்கினால், தடித்த ஈரத்துணியை மூடியின் மேல் போட்டு, முகத்தை ஒதுக்கிக்கொண்டு, கால் திருகு மட்டும் திருப்புங்கள். மூடி முதல் பல்லில் நிற்கும், 'உஸ்' என்று ஆவி போகும். சத்தம் முழுக்க அடங்கிய பிறகுதான் கீழே அழுத்தி மீதியைத் திருகவேண்டும்.

தண்ணீர் ஊற்றுவதிலும் அவசரம் கூடாது. தகிக்கும் இரும்பில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் ஹெட்டில் விரிசல் விழலாம். இன்ஜினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ரேடியேட்டர் சுத்தமாக வறண்டிருந்தால் தொட்டுப் பார்க்கும் அளவுக்கு ஆறிய பிறகுதான்.

ஒன்று சொல்ல மறந்தேன். வண்டி வெயிலில் நின்றுவிட்டது, ஆனால் முள் நடுவிலேயே இருக்கிறது, தண்ணீரும் குறையவில்லை என்றால் அது கொதிப்பு இல்லை. இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்பில் பெட்ரோல் ஆவி அடைத்திருக்கும். பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிக் கொஞ்ச நேரம் விட்டால் கிளம்பிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் மெக்கானிக்கிடம் போவதற்கு முன்னால் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: எப்போது சூடானது? பாதி நோயை இதுவே சொல்லிவிடும்.

சிக்னலில் நிற்கும்போது ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் காற்று போதவில்லை. பெல்ட்டை நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் போலத்தான் அமுங்கவேண்டும். ஃபேனைக் கழற்றி மாட்டியவர் முன்பின் மாற்றி மாட்டியிருந்தாலும் காற்று வரும், ஆனால் அரைகுறையாக வரும். கிரில்லுக்கு முன்னால் பெரிய ஃபாக் லைட்டும் ஹாரனும் வைத்து அழகு பார்க்கிறவர்களுக்கு நான் என்ன சொல்ல!

சிட்டிக்குள் சமர்த்தாக இருந்து, அவிநாசி ரோட்டில் 70ஐத் தாண்டியதும் ஏறினால் தண்ணீர் ஓட்டத்தில் கோளாறு. கீழ் ஹோஸைப் பாருங்கள். பம்ப் உறிஞ்சும் பக்கம் அது. பழையதாகி, உள்ளே ஸ்பிரிங்கும் துருப்பிடித்துப் போயிருந்தால் வேகத்தில் சப்பையாக ஒட்டிக்கொள்ளும். நின்ற வண்டியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒருவர் ஆக்சிலேட்டரை ஏற்றிப் பிடிக்க, இன்னொருவர் டார்ச் அடித்துப் பார்க்கவேண்டும். ஹோஸ் நன்றாக இருந்தால் ரேடியேட்டரே அடைத்திருக்கிறது. வெளியே தண்ணீர் அடித்துக் கழுவினால் அது போகாது. நல்ல ரேடியேட்டர் கடையில் மேல் டேங்கை ஈயம் உருக்கிக் கழற்றி, ஒவ்வொரு குழாய்க்குள்ளும் தட்டையான பட்டையை விட்டுக் குத்தி எடுப்பார்கள். வெள்ளையும் செம்மண் நிறமுமாகக் கொட்டுவதைப் பார்த்தால் போர் தண்ணீர் ஊற்றும் ஆசையே போய்விடும். சிறுவாணித் தண்ணீர் எவ்வளவோ தேவலாம். ஆனால் டிஸ்டில்டு வாட்டரில் கூலன்ட் கலந்து ஊற்றுவதுதான் முறை. துருவையும் அது தடுக்கும்.

எங்கே ஓட்டினாலும் லேசான சூடு, கூடவே இழுவையும் குறைவு என்றால் டைமிங், அதாவது ஸ்பார்க் விழும் நேரம். ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் பாயின்ட்டின் குதிகால் தேயத் தேய இடைவெளி சுருங்கும், ஸ்பார்க் தாமதமாகும், எரிய வேண்டியது எரிந்து முடிப்பதற்குள் சூடு எக்ஸாஸ்ட் பக்கம் போய்விடும். இடைவெளி 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) வைத்து, டைமிங்கைச் சரிபாருங்கள். ரேடியேட்டரை மாற்றியும் தீராத சூடு இந்த வேலையில் தீர்ந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே ஏறினால் தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருக்கலாம். இன்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு அது. கழற்றி, ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். அதன்மேல் பொறித்திருக்கும் சூட்டில், பெரும்பாலும் 82 டிகிரி, திறக்கவேண்டும். "நம்ம ஊருக்கு இது எதுக்கு சார்?" என்று கழற்றி எறிவார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. அது இல்லாத இன்ஜின் போதிய சூடு ஏறாமல் பச்சையாகவே ஓடிப் பெட்ரோலைக் குடிக்கும், சிலிண்டரும் தேயும். ரேடியேட்டர் மூடி திறந்திருக்கும்போது, ஆறிய இன்ஜினைக் கிளப்பியதுமே ரேடியேட்டரில் குமிழி வந்தாலோ, ஆயில் மூடியின் அடியில் மோர் மாதிரி படிந்திருந்தாலோ ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். மேற்கொண்டு ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

மலைக்கு ஒரு தனிக் கணக்கு. ஊட்டி 2240 மீட்டர். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்து அழுத்தம் நிற்காமல் போனால், 82ல் திறக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் கொதிநிலைக்கும் நடுவே பத்து டிகிரிதான் மிச்சம். அதனால் மேட்டுப்பாளையம் தாண்டும் முன் புது மூடி போட்டுக்கொள்ளுங்கள். கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் டாப்பில் முக்கிக்கொண்டு போகாமல், சத்தம் கேட்டாலும் பரவாயில்லை என்று சின்ன கியரில் போங்கள். இன்ஜின் சுற்றினால்தான் ஃபேன் சுற்றும். பர்லியாரில் ஒரு டீ குடித்தால் உங்களுக்கும் நல்லது, வண்டிக்கும் நல்லது.

டிக்கியில் ஒரு பெல்ட், மேல் கீழ் ஹோஸ் ஒவ்வொன்று, இரண்டு கிளிப், பத்து லிட்டர் தண்ணீர் இருக்கட்டும். ஸ்பானரில் அரை அங்குலம் கட்டாயம் வேண்டும். 13 மில்லிமீட்டரும் ஏறக்குறைய பொருந்தும். ஆனால் துருப்பிடித்த போல்ட்டில் நழுவித் தலையை உருட்டிவிடும்.