களத்துக்கு வெளியே வீரர்கள்: தீர்ப்பு சொல்வதில் நாம் செய்யும் தவறுகள்

களத்துக்கு வெளியே ஒரு வீரர் எதையாவது செய்துவிட்டால், அது சட்ட மீறலா, ஒப்பந்த மீறலா, அவருடைய சொந்த விருப்பமா என்று பிரித்துப் பார்க்காமலேயே பேசத் தொடங்கிவிடுகிறோம். மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் பென் ஸ்டோக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 செப்டம்பரில் பிரிஸ்டலில் இரவு விடுதிக்கு வெளியே கைகலப்பு. அந்த விவகாரத்தால் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஆஷஸ் டெஸ்ட் தொடரில் ஆடும் வாய்ப்பையே இழந்தார். 2018 ஆகஸ்டில் நீதிமன்றத்தில் ஜூரி அவரை விடுவித்தது. ஆனால் டிசம்பரில் இங்கிலாந்தின் கிரிக்கெட் ஒழுங்கு ஆணையம், அந்தச் சம்பவத்துக்கும் ஒரு சமூக ஊடகக் காணொளிக்கும் சேர்த்து எட்டு ஆட்டத் தடையும் 30,000 பவுண்டு அபராதமும் விதித்தது. ஏற்கெனவே ஆடாமல் போன ஆட்டங்கள் தடையில் கழிந்தன. விடுதலையான பிறகும் தண்டனையா என்று சிலர் கொதித்தார்கள். குற்றம் நிரூபணமானதா என்பது நீதிமன்றத்தின் கேள்வி. ஆட்டத்துக்கு அவப்பெயர் வந்ததா என்பது ஆணையத்தின் கேள்வி. அபராதம் கட்டியதை வைத்து ஒருவரைக் குற்றவாளி என்று அழைப்பதும் அதே குழப்பம்தான்.

எல்லாவற்றுக்கும் 'தனிமனித சுதந்திரம்' என்று குடை பிடிப்பதும் சரியல்ல. 2019 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஹர்திக் பாண்டியா பெண்களைப் பற்றிப் பேசியது அந்தரங்கப் பேச்சு அல்ல. நாடே பார்க்கப் பேசியது. கோபம் நியாயமானது. ஆனால் விசாரணைக்கு முன்பே அவரையும் உடனிருந்த கே.எல்.ராகுலையும் ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்திலிருந்து திருப்பி அழைத்துவிட்டு, ஏப்ரலில் ஆளுக்கு 20 லட்சம் ரூபாய் அபராதம் விதித்த வரிசை தலைகீழானது என்பேன்.

ஊக்கமருந்துச் சோதனை வேறு வகை. சோதனைப் பட்டியலில் உள்ள வீரர் தினமும் 60 நிமிடம் எங்கே இருப்பார் என்று முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். 12 மாதத்தில் மூன்று முறை தவறினால் தடை வரும். 2017இல் மேற்கிந்தியத் தீவுகள் கிரிக்கெட் வீரர் ஆந்த்ரே ரஸ்ஸலுக்கு ஓராண்டுத் தடை இப்படித்தான் வந்தது. 'மருந்து சாப்பிட்டு மாட்டிக்கொண்டார்' என்று எழுதுவது பொய். அவருடைய பிழை இருப்பிடம் தெரிவிக்காதது.

என்னை மிகவும் வருத்துவது, தோல்விக்கு வீட்டாரைப் பொறுப்பாக்கும் வழக்கம். 2015 உலகக் கோப்பை அரையிறுதியில் சிட்னியில் விராட் கோலி ஒரு ரன்னில் ஆட்டமிழந்தார். வசை முழுவதும் அரங்கில் அமர்ந்திருந்த அவருடைய அப்போதைய காதலி, பின்னாளில் மனைவியான நடிகை அனுஷ்கா சர்மாவின் மேல் விழுந்தது. அவர் செய்தது ஆட்டம் பார்த்தது மட்டும்.

2022 அக்டோபரில் பெர்த்தில் கோலி இல்லாத நேரத்தில் அவருடைய ஹோட்டல் அறைக்குள் யாரோ புகுந்து, உடைமைகளைப் படம்பிடித்து வெளியிட்டார்கள். 'ரசிகரின் அன்பு' என்று இதற்குப் பெயர் வைக்காதீர்கள், அது அத்துமீறல். சொந்த அறையிலேயே தனிமை இல்லையென்றால் வேறு எங்கே அதை எதிர்பார்ப்பது என்று அன்று கோலி கேட்டார்.