ட்ரைலோபைட் வாங்கும் முன் கல்லைப் பாருங்கள்

50 கோடி ஆண்டுப் பழைய உயிர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்க ஆசையா? பூச்சி போலத் தெரியும் பழங்காலக் கடலுயிர் ட்ரைலோபைட்டின் புதைபடிவம்தான் அதற்கு எளிய வழி. ஏராளமாகக் கிடைக்கிறது, சிறியவை விலையும் குறைவு. ஆனால் இதில் போலிகளும் ஏராளம். நான் முதன்முதலில் வாங்கிய மொராக்கோ கல்லில் முள் முள்ளாக நின்ற பூச்சி முழுக்க ரெசின், அதாவது அச்சில் வார்த்த பிளாஸ்டிக் பிசின். அது தெரியவந்த நாளின் வருத்தம் இன்னும் போகவில்லை. புதிதாகத் தொடங்குகிற யாருக்கும் அது நேரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: உடம்பு அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

ட்ரைலோபைட் கடலில் வாழ்ந்த கணுக்காலி. நண்டு, தேள், பூரானுக்கெல்லாம் தூரத்து உறவு. சுமார் 52 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, 25 கோடி ஆண்டுகளுக்கு முன் பெர்மியன் காலம் முடிந்தபோது அடியோடு அழிந்தது. இதுவரை 20,000க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நீளவாக்கில் பார்த்தால் நடுவே மேடான தண்டு, இரு பக்கமும் ஒவ்வொரு மடல். மூன்று மடல் என்பதுதான் பெயரின் பொருளும். மேலிருந்து கீழாகத் தலை, கணுக்கணுவான நடுவுடல், வால் கவசம். கணுக்களை எண்ணிப் பழகுங்கள். ஃபாக்கோப்ஸ் வகையில் வளர்ந்த பூச்சிக்கு நடுவுடலில் 11 கணுக்கள் இருக்கும். கையால் செதுக்கிய போலியில் எண்ணிக்கை பெரும்பாலும் தப்பிவிடும்.

படி 2: எல்ராத்தியாவில் தொடங்குங்கள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஹவுஸ் மலைத்தொடர் இருக்கிறது. அங்கே வீலர் ஷேல் என்ற, ஏடு ஏடாகப் பிரியும் பாறையில் கிடைப்பது எல்ராத்தியா கிங்கி. கறுப்பு நிறம், பெரும்பாலும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளம், வயது சுமார் 50 கோடி ஆண்டு. அசலே மலிவு என்பதால் பெரும்பாலும் யாரும் மெனக்கெட்டுப் போலி செய்வதில்லை. அந்தப் பகுதியின் யூட் பழங்குடியினர் இதில் துளையிட்டுத் தாயத்தாக அணிந்திருக்கிறார்கள்.

டெல்டா என்ற ஊருக்கு மேற்கே தொலைவில் உள்ள குவாரியில் கட்டணம் கட்டிவிட்டு நாமே தோண்டலாம். பாறைப் பலகையைச் செங்குத்தாக நிறுத்தி, அடுக்கின் விளிம்பில் உளியை வைத்து மெல்லத் தட்ட வேண்டும். ஓங்கி அடித்தால் பூச்சியோடு சேர்ந்து உடையும். இந்தப் பூச்சிகளின் அடியில் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் கெட்டியாகப் படிந்திருப்பதால், பல நேரம் பாறையைவிட்டு முழுதாகக் கழன்று வந்துவிடும்.

தலையின் இரு ஓரக் கன்னங்களும் இல்லாத எல்ராத்தியா கிடைத்தால் ஒதுக்கிவிடாதீர்கள். ட்ரைலோபைட் சட்டை உரிக்கும்போது முதலில் கழல்வது அந்தக் கன்னங்கள்தான். உங்களிடம் இருப்பது அது உரித்துப் போட்ட சட்டையாக இருக்கலாம். எனக்கு அப்படிப்பட்டவைதான் அதிகம் பிடிக்கும். அந்த உயிர் வளர்ந்துகொண்டிருந்த ஒரு தருணம் அதில் அப்படியே பதிந்திருக்கிறது.

படி 3: மொராக்கோ கல்லா? விரிசலைத் தேடுங்கள்

இந்த விளக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இந்தப் படியை வையுங்கள்.

சந்தைக்கு வரும் பெரிய, அழகிய ட்ரைலோபைட்டுகளில் பெரும்பகுதி மொராக்கோவின் அல்னிஃப், எர்ஃபூத் வட்டாரத்திலிருந்து வருகிறது. பல டெவோனியன் காலத்தவை, அதாவது சுமார் 39 கோடி ஆண்டு. பூச்சி அங்கே கெட்டியான சுண்ணாம்புக்கல்லுக்குள் மறைந்திருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. தோண்டுபவர்கள் சுத்தியலால் கல்லை உடைத்து, உடைந்த முகத்தில் ஓட்டின் குறுக்குவெட்டு மெல்லிய கோடாகத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தெரிந்தால் இரு துண்டையும் பசை போட்டு ஒட்டி, மேலிருக்கும் கல்லைக் கருவிகளால் நுணுக்கமாக நீக்கி வெளியே கொண்டுவருவார்கள். முள் நிறைந்த ஒரு பூச்சிக்கு இந்த வேலை பல நாள் இழுக்கும்.

அதனால் அசல் மொராக்கோ பூச்சியில் பெரும்பாலும் ஒட்டிய விரிசல் ஒன்று இருக்கும். அந்தக் கோடு கல்லில் தொடங்கி, பூச்சியின் உடம்பைக் கடந்து, மறுபக்கம் கல்லில் தொடர வேண்டும். கல்லில் ஓடிவந்த விரிசல் பூச்சியின் ஓரத்தில் நின்றுபோனால், அந்தப் பூச்சி பின்னால் பதித்தது என்று சந்தேகப்படுங்கள். வெள்ளைக் கால்சைட் நரம்புக்கும் இதே கணக்குதான். விரிசலே இல்லாமல் வழவழவென்று இருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

படி 4: லென்ஸ் வைத்துப் பாருங்கள்

10 மடங்கு பெருக்கும், நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற சிறிய லென்ஸ் போதும். வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும்.

முதலில் குமிழி. என்னுடைய அந்த முதல் பூச்சியின் வால் ஓரத்தில் ஊசிமுனை அளவில் நான்கைந்து வட்டக் குழிகள் இருந்தன. ரெசினை அச்சில் ஊற்றும்போது சிக்கிய காற்று அது. கல்லிலும் குழிகள் இருக்கும், ஆனால் இப்படிச் சுத்தமான வட்டமாக இருக்காது.

அப்புறம் கண். ஃபாக்கோப்ஸ் வகையின் கண்ணில் ஒவ்வொரு கண்வில்லையும் தனித்தனிக் கால்சைட் மணி. ஒன்றையொன்று தொடாமல் சிறிய இடைவெளி விட்டு, மேலிருந்து கீழாக வரிசை பிடித்து நிற்கும். முதன்முதலில் லென்ஸில் அந்த வரிசைகள் தெளிவாகத் தெரிந்தபோது நான் மூச்சுவிட மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அச்சில் வார்த்த கண்ணில் மணிகள் மழுங்கிக் கிடக்கும். செதுக்கிய கண்ணில் புள்ளிகள் தாறுமாறாக இருக்கும்.

படி 5: சின்னச் சோதனைகள்

விற்பவரின் அனுமதி கேட்டுவிட்டே இவற்றைச் செய்யுங்கள். காது குடையும் பட்ஸை அசிட்டோனில் நனைத்து ஓரத்தில் லேசாகத் தடவுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் பெயின்ட் இருக்கிறது. பழுதுபார்த்த இடத்துப் பசையையும் அசிட்டோன் கரைக்கும் என்பதால் விரிசல் பக்கம் போகாதீர்கள். சூடான ஊசி முனையை வெளியே தெரியாத ஓரிடத்தில் வைத்தால் ரெசின் இளகி பிளாஸ்டிக் வாடை வரும். கல் அப்படியே இருக்கும். இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்துப் பார்த்தால், பசையும் ரெசினும் பல நேரம் கல்லிலிருந்து வேறுபட்டு ஒளிரும். ஒளிராவிட்டால் அசல் என்று மட்டும் முடிவுகட்டிவிடக் கூடாது.

படி 6: விற்பவரிடம் கேளுங்கள்

எந்த இடம், எந்தக் காலம், எவ்வளவு பழுதுபார்த்தது? இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் வேண்டும். பழுதுபார்த்தது வேறு, போலி வேறு. உடைந்த முள்ளை எம்-சீல் போன்ற பசையால் நிரப்பியிருந்தால், அதைச் சொல்லி விற்பதில் தவறில்லை. மறைப்பதுதான் தவறு. திரிசூலம் போன்ற கொம்புள்ள வாலிசெரோப்ஸ் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறது என்றால் விட்டுவிடுங்கள், அத்தனை நாள் உழைப்பு அந்த விலைக்கு வராது. காம்ப்ரோபல்லாஸ் என்று வரும் பெரிய பழுப்புப் பூச்சிகளில் அச்சில் வார்த்தவை மிக அதிகம், தொடக்கத்தில் அவற்றின் பக்கமே போக வேண்டாம்.

இடமும் காலமும் பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள். நம் அரியலூரின் கடற்பாறைகள் கிரெட்டேஷியஸ் காலத்தவை. அங்கே சுருள் ஓடுள்ள கடலுயிரான அம்மோனைட் கிடைக்கும், ட்ரைலோபைட் கிடைக்காது. அந்தப் பாறைகள் படியத் தொடங்குவதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்பே இந்த இனம் முடிந்துபோனது. இந்தியாவில் ட்ரைலோபைட் கிடைத்திருப்பது ஸ்பிட்டி, காஷ்மீர் போன்ற இமயமலைப் பகுதிகளில்.

படி 7: சீட்டு எழுதுங்கள்

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே எழுதிவிடுங்கள், பிறகு மறந்துபோகும். கல்லின் அடியில் ஓர் எண், நோட்டில் அதே எண்ணுக்கு எதிரே இனம், இடம், காலம், எங்கே ஒட்டியிருக்கிறது என்ற விவரம். இடம் தெரியாத புதைபடிவம் ஆய்வுக்கு அநேகமாகப் பயன்படாது.

என் பெட்டியில் 1ஆம் எண்ணுக்கு எதிரே "ரெசின்" என்று எழுதியிருக்கிறேன். அதைத் தூக்கிப் போடவில்லை. புதிதாக எதை வாங்கினாலும் அதன் பக்கத்தில் வைத்து, லென்ஸில் இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறேன்.