நீடித்த குடல் அழற்சி நோயை வன்னியில் இருந்துகொண்டு கையாளுவது எப்படி?

இரத்தமும் சீதமும் கலந்து வயிற்றாலே போகத் தொடங்கினால், அதை மூலம் என்றோ சூடு என்றோ முடிவுகட்டி, மருந்துக்கடையில் எதையாவது வாங்கிக் குடித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவது எம்மவர் வழக்கம். பெரும்பாலும் அது கிருமித் தொற்றாகவே இருந்து சில நாட்களில் மாறிவிடும். ஆனால் வயிற்றோட்டம் நான்கு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, நித்திரையில் இருந்து எழுப்பினாலோ, உடல் மெலிந்து இரத்தச்சோகை கண்டாலோ, குறிப்பாக நோயாளி 15 முதல் 35 வயதுக்குள் இருந்தால், குடல் அழற்சி நோயையும் சந்தேகிக்க வேண்டும்.

இந்நோய் இரு வகைப்படும். பெருங்குடல் புண் அழற்சி மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கி இடைவெளியின்றிப் பரவும். குடலின் உட்படலத்தை மட்டுமே தாக்கும். 1932இல் நியூயோர்க்கில் பரில் குரோனும் அவரது இரு சகாக்களும் விவரித்த குரோன் நோயோ, வாய் முதல் மலவாசல் வரை எங்கும் திட்டுத் திட்டாக வரலாம்; குடற்சுவர் முழுவதையும் ஊடுருவுவதால் குடல் ஒடுங்குவதற்கும் பௌத்திரம் உண்டாவதற்கும் இடமுண்டு. இரண்டிலும் உடலின் நோயெதிர்ப்புத் தொகுதியே குடலைத் தாக்குகிறது. இது தொற்றும் நோயல்ல. ஆகவே கோப்பையையும் பாயையும் வேறாக்க வேண்டியதில்லை.

நோயை உறுதிசெய்வதில் அவசரம் கூடாது. எமது நாட்டில் குடற்காசநோய் குரோன் நோயைப் போலவும், அமீபாத் தொற்று பெருங்குடல் புண் அழற்சியைப் போலவும் தோற்றமளிக்கக் கூடும். அவ்வாறிருக்கையில் நோயெதிர்ப்பை அடக்கும் ஸ்டீரொயிட் மருந்தைக் கொடுத்தால் நிலைமை ஆபத்தாகும். எனவே மலப் பரிசோதனை, இரத்தப் பரிசோதனை, குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கமராப் பரிசோதனை, அதில் எடுக்கப்பட்ட சதைத்துண்டின் அறிக்கை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே வைத்தியர் முடிவுக்கு வருவார். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்ட வைத்தியசாலைகளில் தொடங்கும் இந்த அலைச்சல் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை வரை செல்லக்கூடும். கமராப் பரிசோதனைக்கு முன் பேதிமருந்து குடித்துக் குடலைச் சுத்தமாக்க வேண்டும் என்பதால், அதைக் குடித்துவிட்டு ஒட்டுசுட்டானிலிருந்தோ துணுக்காயிலிருந்தோ பஸ் ஏறுவது நடக்கிற காரியமல்ல. தூரத்தை முன்கூட்டியே சொல்லி, முதல்நாளே விடுதியில் அனுமதிக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் வைத்தியசாலைக்கு அண்மையில் உள்ள உறவினர் வீட்டில் தங்குங்கள்.

மருந்து விடயத்தில்தான் பலர் சறுக்குகின்றனர். பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் எரியும் நோயை விரைவாக அடக்கும். ஆனால் அது நெடுங்காலத்துக்கு உரியதல்ல, சடுதியாக நிறுத்தவும் கூடாது. பழைய துண்டைக் காட்டி மருந்துக்கடையில் அதைத் திரும்பத் திரும்ப வாங்குவது எலும்பையும் சீனி அளவையும் கெடுக்கும். நோய் அடங்கிய பின் அதைத் திரும்ப வராமல் தடுக்க, பெருங்குடல் புண் அழற்சிக்கு மெசலசீனும், இரு வகைகளிலும் தேவைக்கேற்ப அசதயோபிரினும் பயன்படுகின்றன. அசதயோபிரின் முழுப்பலன் தர மூன்று மாதங்கள் வரை செல்லும் என்பதால், இரண்டாம் வாரத்திலேயே 'இது வேலை செய்யவில்லை' என்று கைவிடாதீர்கள். அதேவேளை இரத்தக்கலங்களையும் ஈரலையும் கவனிக்கும் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். மெசலசீன் அரிதாகச் சிறுநீரகத்தைத் தாக்கும். காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பரவியுள்ள வவுனியாப் பகுதியினர், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் இரத்தப் பரிசோதனையை வைத்தியரிடம் கேட்டே செய்விப்பது நல்லது. நோய் மலக்குடலோடு நின்றால், மலவாசல் வழியாக வைக்கும் மருந்து விழுங்கும் குளிசையை விட நன்றாக வேலை செய்யும். வெட்கப்பட்டு அதை மறுப்பதில் பொருளில்லை.

வயல்வேலையால் முதுகு வலித்தாலும் டைக்ளோபெனக், ஐபுபுரோபன் போன்றவற்றைத் தவிருங்கள். அவை அடங்கிய நோயைக் கிளப்பக் கூடும். பனடோல் போதும். குரோன் நோயாளி சுருட்டையும் சிகரெட்டையும் விட்டே ஆகவேண்டும்.

உணவைப் பற்றி வீடுதோறும் ஒரு பத்தியம் சொல்லப்படும். உறைப்பு இந்நோயை உண்டாக்குவதில்லை. தேவையற்ற பத்தியம் ஏற்கெனவே மெலிந்த உடலை மேலும் வாட்டும். நோய் கிளம்பியிருக்கும் நாட்களில் குழைந்த சோறு, கஞ்சி, மீன், முட்டை போன்றவற்றைச் சிறிது சிறிதாக உண்ணலாம். வெயில் எரிக்கும் காலத்தில் நீரிழப்பை ஈடுசெய்ய ஜீவனி என்ற உப்பு, சீனிக் கலவையைக் கரைத்துக் குடிக்கலாம். குடல் ஒடுங்கியிருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் பனங்கிழங்கு, புழுக்கொடியல், முருங்கைக்காய்ச் சக்கை போன்ற நார்ப்பொருட்களை விலக்க வேண்டும், அவை அடைத்துக்கொள்ளும்.

இடம்பெயர்வில் மருத்துவக் குறிப்புகளைத் தொலைத்தவர்கள் இங்கு பலர் உள்ளனர். கிளினிக் கொப்பி, கமரா அறிக்கை, சதைப் பரிசோதனை முடிவு ஆகியவற்றைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து, வெளியூரில் உள்ள ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். பெருங்குடலில் நோய் தொடங்கி ஏறத்தாழ எட்டு ஆண்டுகளின் பின் புற்றுநோய்க்கான கமராப் பரிசோதனை தொடங்கவேண்டியிருப்பதால், நோய் தொடங்கிய ஆண்டு எழுத்தில் இருப்பது அவசியம். கர்ப்பம் தரிக்க விரும்பும் பெண்கள் தாமாக மருந்தை நிறுத்தாமல் முன்கூட்டியே வைத்தியரிடம் பேசவேண்டும். குழந்தைக்கு மருந்தை விட, கிளம்பிய நோயே பெரும்பாலும் கூடிய தீங்கு செய்யும்.

ஒரு நாளில் ஆறு தடவையோ அதற்கு மேலோ இரத்தத்துடன் மலம் போவதோடு காய்ச்சலோ படபடப்போ இருந்தால், வயிறு ஊதி வலித்தால், அல்லது காற்றும் மலமும் நின்று வாந்தி எடுத்தால், கிளினிக் நாளுக்காகக் காத்திராமல் அன்றே, இரவென்றாலும், 1990 அம்புலன்ஸை அழைத்து மாவட்ட வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கொப்பியையும் குளிசைகளையும் கையோடு கொண்டுபோங்கள்.