‘போனவில்லை’ என்று சொல்வோமா? தமிழை வைத்தே இங்கிலீஷைத் திருத்தும் வழி

ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம் பக்கம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். காற்று பலமாக அடித்து, படகு கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுக்காத நாளுக்கு மறுநாள், ‘நேத்து அப்பா கடலுக்குப் போனாரா, இங்கிலீஷ்ல சொல்லு’ என்றால் பாதிப் பேர் சொல்வது, ‘மை ஃபாதர் டிட் நாட் வென்ட் டு சீ’. விதியைப் பலகையில் எத்தனை தடவை எழுதிப் போட்டாலும் மண்டையில் நிற்பதில்லை. அதனால் இப்போதெல்லாம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: தமிழில் ‘போனவில்லை’ என்று சொல்வாயா? சிரிப்பார்கள். ‘போகவில்லை’தானே, அந்தப் ‘போக’வில் காலமே கிடையாது, ‘டிட் நாட் கோ’வும் அப்படித்தான். கேள்வி கேட்கும்போதுதான் உஷாராக இருக்கணும். ‘போனாரா’ என்று தமிழ் காலத்தை வினைக்குள்ளேயே வைத்திருப்பதால் ‘டிட் ஹி வென்ட்’ என்று வாய் தானாக இழுக்கும். அங்கே காலத்தை ‘டிட்’ ஏற்கெனவே சுமக்கிறது, ‘கோ’ சும்மா கூட வந்தால் போதும்.

அடுத்தது ‘சின்ஸ்’, ‘ஃபார்’. இதற்கு எங்கள் ஊரில் மீன்பிடித் தடைக்காலத்தை விட நல்ல பாடம் கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. மே மாத நடுவில் கேளுங்கள். ‘எப்போதிலிருந்து?’ என்றால் ‘சின்ஸ் ஏப்ரல் 15’, ‘எத்தனை நாளா?’ என்றால் ‘ஃபார் எ மந்த்’. ‘சின்ஸ் ஒன் மந்த்’ என்று எழுதினால் தப்பு. அப்புறம் ஒரு சிக்கல்: தமிழில் ‘15லேருந்து படகு நிக்குது’ என்று நிகழ்காலத்தில் சொல்லிவிடுகிறோம், அதனால் பிள்ளைகள் ‘இஸ்’ போடுவார்கள். ‘தி போட் ஹேஸ் பீன் அட் தி ஜெட்டி சின்ஸ் ஏப்ரல் 15’ என்பதே சரி.

ஆனால் எப்போது நடந்தது என்று வருஷத்தையோ ‘யெஸ்டர்டே’யையோ சொல்லிவிட்டால் ‘ஹேஸ்’, ‘ஹேவ்’ இரண்டும் போய்விடணும். ‘தி சைக்ளோன் டெஸ்ட்ராய்ட் தனுஷ்கோடி இன் 1964’, அவ்வளவுதான். வருஷம் சொல்லாமல் ‘ஐ ஹேவ் சீன் தனுஷ்கோடி’ என்றால் தாராளமாகச் சொல்லலாம்.

சில்லறைத் தப்புகள்: ‘பற்றிப் பேசினோம்’ என்ற பழக்கத்தில் ‘டிஸ்கஸ்’ பின்னால் ‘அபவுட்’ ஒட்டிக்கொள்ளும், வெட்டிவிடுங்கள். ‘ஒன் ஆஃப் மை’ வந்தால் ‘ஃபிரண்ட்ஸ்’தான். ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ கூடாது, ஆனால் ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ சரி, ஏனென்றால் சாப்பிடுவது இப்போது நடக்கிற வேலை, தம்பிகள் அப்படியா!

திருத்தும்போது பேச்சை நடுவில் நிறுத்தாதீர்கள், அடுத்த நாள் அந்தப் பிள்ளை வாயே திறக்காது. முடிக்க விட்டு, சரியான வாக்கியத்தையே கேள்வியாகத் திருப்பிக் கேளுங்கள்: ‘ஓ, ஹி டிட் நாட் கோ? ஒய்?’ பதில் சொல்லும்போது பெரும்பாலும் அதுவே திருத்திக்கொள்ளும்: ‘எஸ் சார், ஹி டிட் நாட் கோ, நோ டோக்கன்.’