முதல் டிராக் டேக்கு முன் பிரேக் ஆயிலை மாத்துங்க

டிராக் டேன்னா சொந்த காரை ரேஸ் டிராக்ல ஓட்டிப் பாக்கற நாள். அதுக்கு முதல் தடவை சென்னை பக்கத்துல இருக்கற இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் போறவங்க பெரும்பாலும் டயரைப் பத்தித்தான் கேப்பாங்க. நான் முதல்ல கேக்கறது, பிரேக் ஆயில் மாத்தி எத்தனை வருஷமாச்சு?

பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும். டாட் 4ங்கறது பிரேக் ஆயிலோட ஒரு தர வகை. புது டாட் 4 ஆயில் குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் ஏறின ஆயிலுக்கு அந்தத் தரம் கேக்கற குறைஞ்சபட்ச கொதிநிலையே 155 டிகிரிதான். சிட்டி டிராஃபிக்ல வித்தியாசமே தெரியாது. டிராக்ல நாலாவது லேப்ல ஆயில் கொதிச்சு, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். எனக்குப் போச்சு! நல்லவேளை, எதிர்ல மண்ணுதான் இருந்துச்சு. முந்தின வாரமே புது டாட் 4 ஊத்தி, பிரேக் லைன்ல இருக்கற காத்துக் குமிழை வெளியே எடுத்துடுங்க. பிரேக் பேட் பாதிக்கு மேல தேஞ்சிருந்தா அதையும் மாத்திடுங்க.

பிட்டுக்கு, அதாவது டிராக் ஓரமா வண்டி நிறுத்தற இடத்துக்கு வர்ற கடைசி லேப்பை மெதுவா, பிரேக்கை அதிகம் தொடாம ஓட்டுங்க. நிறுத்தினதும் ஹேண்ட் பிரேக் போடாதீங்க, கியர்ல விட்டுடுங்க. சூட்டுல டயர் காத்து நாலஞ்சு பிஎஸ்ஐ ஏறியிருக்கும், அளந்து இறக்குங்க. வீல் நட்டையும் ஒரு தடவை முறுக்கிப் பாருங்க.

டிரைவர் பக்க மேட், சீட்டுக்கடியில உருளற தண்ணி பாட்டில் எல்லாம் வெளியே. ஹெல்மெட், வண்டியைக் கட்டி இழுக்கற டோ ஹூக் உள்ளே.

ஆங், இன்சூரன்ஸ்! சாதாரண கார் பாலிசி ரேஸையும் வேகச் சோதனையையும் கவர் பண்ணாது. இடிச்சா செலவு நம்ம பாக்கெட்ல இருந்துதான்.